வெற்றுக் கட்டம்

கணிதத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் எழுதப்பெறும் நாளில் எந்தப் பள்ளியிலும் ஓரிரு கட்டங்கள் வெறுமையாய் நிற்பதுண்டு. முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் இருபத்தெட்டுப் பேருக்கு எண் இருக்கும். இருவர் பெயருக்கு நேரே எண் இராது. அவ்விருவருள் ஒருவன் அன்று காய்ச்சலில் படுத்தவன். எழுதியிருந்தால் எழுபதோ எண்பதோ வாங்கியிருப்பான். மற்றொருவன் கணக்கென்றாலே அஞ்சி, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்கியவன். எழுதியிருந்தால் இருபதைத் தாண்டியிருக்க மாட்டான். பட்டியலிலோ இரண்டும் ஒரே வெறுமை. வகுப்பின் சராசரியைக் காண வேண்டிய ஆசிரியர் என் செய்வார்? இருவருக்கும் சுழியம் இட்டால் காய்ச்சலில் படுத்தவனுக்கு அநீதி. இருவரையும் விலக்கினால் வகுப்பு தன் தகுதிக்கு மேல் உயர்ந்து தோன்றும். ஏனையோர் சராசரியையே இருவருக்கும் இட்டாலோ, அஞ்சி ஒளிந்தவன் பரிசு பெற்றவனாகிறான். கட்டம் ஏன் வெறுமையாயிற்று என்று கேளாத வரையில் இச்சிக்கல் அவிழாது.

பள்ளிப் பதிவேட்டுச் சிக்கல் என்று இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. மரபணுக்களை ஆராயும் அறிவியலாரும் இதே வெற்றுக் கட்டத்தின் முன் தயங்கி நிற்கின்றனர். அத்தயக்கம் ஒரு தோட்டப்புறக் குடும்பத்தின் திண்ணைவரை வந்து சேர்ந்த கதை சொல்லத் தக்கது.

பேரா மாநிலத்தின் வட பகுதியில், கிரியான் மாவட்டத்து நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் பாகான் செராய். 1906ஆம் ஆண்டில் நிறைவெய்திய கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து கொணரும் நீரால் அவ்வயல்கள் பசுமை கொள்கின்றன. வயல் முடிந்து மேட்டு நிலம் தொடங்கும் இடங்களில் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அதற்கும் முன்னர் இம்மாவட்டத்தில் கரும்பு விளைந்தது. கரும்புக்கு வந்த தமிழர் பின்னர் இரப்பருக்கு மாறினர். இரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது அவர்தம் பிள்ளைகள் நகரங்களை நோக்கிப் பெயர்ந்தனர். பெயராமல் தங்கிவிட்ட முதியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். அவருடைய பேத்தி பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை ஆய்வு செய்கிறாள். தாத்தா வெட்டிய மரமே பேத்தியின் ஆய்வுப் பொருள்.

இரப்பர் மரத்துக்கு வரும் கேடுகளுள் விந்தையானது, மரம் காய்தல். மரம் நிற்கும், இலை தழைத்திருக்கும், பட்டையிலும் முதலில் குறையொன்றும் புலப்படாது. ஆனால் கத்தி பட்ட கோட்டில் பால் பாதியளவே கசியும். நாளடைவில் அதுவும் நின்றுபோகும். அளவுக்கு மீறி வெட்டுவதும், பால் பெருகுவதற்காக எத்திஃபோன் என்னும் மருந்தை மிகுதியாகத் தடவுவதும் இக்கேட்டைத் தூண்டுகின்றன என்பது அறியப்பட்ட செய்தி. மரத்தின் உள்ளே நிகழ்வது என்ன? பாலில் இரப்பரை உருவாக்கத் துணை செய்யும் மரபணுக்கள் உறங்கிவிடுகின்றனவா? அவள் விடை தேடிய வினா இதுவே.

இவ்வகை ஆய்வுக்கு இந்நாட்டில் நல்ல அடித்தளம் உண்டு. 1925இல் நிறுவப்பெற்ற மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மர இனத்தை அறியாத பழைய பால்வெட்டுத் தொழிலாளர் அரியர். அதே இனத்து மரத்தின் மரபணுத் தொகுதியின் முதல் வரைவை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். எந்தெந்த மரபணு மரத்தில் உண்டு என்பதை அறிய அவ்வரைவு போதும். அம்மரபணு ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு ஊக்கமாய்ப் பணி செய்கிறது என்பதை அறிய வேறொரு கருவி வேண்டும்.

அக்கருவியின் பெயரை 2020ஆம் ஆண்டுக்குப் பின் அறியாதார் இலர். கோவிட் தொற்றுக் காலத்தில் மூக்கில் பஞ்சுக் குச்சி நுழைத்து எடுக்கப்பட்ட மாதிரி சென்று சேர்ந்த பி.சி.ஆர். சோதனையே அது. 1983இல் கேரி மல்லிஸ் என்னும் அமெரிக்கர் இம்முறையைக் கண்டார். அதற்காக 1993இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். இதன் உள்ளியல்பு மிக எளியது. ஒரு டி.என்.ஏ. துணுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொல்லி அரசனைத் திகைக்க வைத்த புலவனின் கதை மாணவர் அறிந்ததே. நாற்பது முறை இரட்டித்தால் ஒரு துணுக்கு ஓர் இலட்சம் கோடிக்கும் மேலாகப் பெருகிவிடும். பெருகப் பெருகச் சாயம் ஒளிரும். ஒளி குறித்த ஒரு கோட்டைத் தொடுவது எத்தனையாவது சுழற்சியில் என்று பொறி குறித்துக்கொள்ளும். அச்சுழற்சி எண்ணே சி.டி. எண் எனப்படுவது.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இவ்வெண் மதிப்பெண் பட்டியலுக்கு நேர் எதிரானது. தொடக்கத்தில் பொருள் மிகுதியாக இருந்தால் கோட்டை விரைவில் தொடும்; எண் சிறிதாகும். பொருள் குறைந்தால் எண் பெரிதாகும். ஓர் எண் வேறுபாடு என்பது பொருளில் இரு மடங்கு வேறுபாடு. மரபணுவின் ஊக்கத்தை அளப்போர், அம்மரபணு எழுதி அனுப்பும் ஆர்.என்.ஏ. என்னும் செய்தித் தாளைப் பிரித்தெடுத்து, அதனை டி.என்.ஏ. வடிவுக்கு மாற்றி, தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில் இட்டுப் பொறியினுள் வைப்பர். ஒரே மாதிரியை மூன்று குழிகளில் இடுவது வழக்கம். கை நடுக்கமும் கருவிப் பிழையும் அதனால் ஓரளவு தெரிய வரும்.

நாற்பது சுழற்சி முடிந்தும் ஒளி கோட்டைத் தொடாத குழிகளும் உண்டு. அக்குழிகளுக்கு நேரே பொறி எண் எதனையும் தருவதில்லை. தீர்மானிக்கப்படவில்லை என்னும் பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் அச்சிடும். அவ்விடத்தில் 40 என்று எழுதிவிட்டு மேலே நடப்பது பல ஆய்வுக் கூடங்களில் ஊறிப்போன பழக்கம். பேத்திக்கும் மூத்த மாணவர் ஒருவர் அதையே சொல்லித் தந்தார். அவள் அவ்வாறே செய்து, அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்தாள்.

தாத்தாவுக்கு மரபணு தெரியாது. எண் தெரியும். நாள்தோறும் தம் பாலின் நிறையைத் தாமும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்தவர் அவர். கிராணியின் கணக்கை மட்டும் நம்பியவர் அல்லர். திண்ணையில் கிடந்த தாளை எடுத்துக் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்ன பாப்பா, நாற்பது நாற்பதுன்னு அங்கங்க வருதே. அதெல்லாம் ஒரே மரமா?"

"இல்ல தாத்தா. மெஷினுல எண்ணு வராத இடம் அது. வராத இடத்துல நாற்பது போடுறது வழக்கம்."

"ஏன் வரலையாம்?"

"அது தெரியாது தாத்தா. வரல, அவ்வளவுதான்."

"அது எப்படிம்மா? செக்ரோல்ல என் பேருக்கு நேரா ஒண்ணும் எழுதலன்னா, அன்னிக்கு மழை பெஞ்சிருக்கும். இல்லன்னா நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன். இல்லன்னா வெட்டியும் பால் எறங்காம இருந்திருக்கும். மூணும் ஒண்ணா?"

முதியவர் இதனை வெறும் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவர் வாழ்வில் இக்கேள்வி ஒருமுறை சோறு சம்பந்தப்பட்டதாக இருந்தது. மழைக்காலம் ஒன்றில் அவருடைய நிரை தாழ்வான நிலத்தில் இருந்தது. பட்டை ஈரம் உலராமல் பல நாள் வெட்ட இயலவில்லை. பதிவேட்டில் அந்நாள்கள் வெறுமையாய் நின்றன. புதிதாக வந்த கணக்கர் ஒருவர் அவ்வெறுமைகளைச் சுழியம் என்று கொண்டு மாதச் சராசரி போட்டார். சராசரி சரிந்தது, நல்ல மரங்கள் நின்ற நிரை வேறொருவர் கைக்குப் போனது. அத்தோட்டம் இன்று இரப்பர்த் தோட்டமாக இல்லை. அவருடைய நோட்டு மட்டும் தகரப் பெட்டியில் இருக்கிறது. அந்நாள்களுக்கு நேரே 'மழை' என்று பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது.

பேத்தி அன்றிரவு தன் அட்டவணையை மறுபடி எடுத்தாள்.

முதலில் 40 என்னும் எண் செய்யும் கேட்டைப் பார்த்தாள். ஒரு மாதிரியின் மூன்று குழிகளில் 35.2, 35.6 என இரண்டு எண் கிடைத்து, மூன்றாவது வெறுமையாய் நிற்பதாகக் கொள்வோர்க்கு இது விளங்கும். வெறுமையை விலக்கினால் சராசரி 35.4. வெறுமைக்கு 40 இட்டால் சராசரி 36.93. வேறுபாடு ஒன்றரைச் சுழற்சிதான் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சுழற்சியும் இரட்டிப்பு ஆதலின், பொருளின் அளவில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. மரத்தில் நிகழாத ஒரு மூன்று மடங்குக் குறைவை ஒரு பழக்கம் நிகழ்த்திவிடுகிறது. மூன்று குழிகளும் வெறுமையாய் இருந்து மூன்றுக்கும் 40 இட்டாலோ, கேடு இன்னும் நுட்பமானது. மூன்று எண்ணும் ஒன்றே. ஆகவே வேறுபாடு சுழியம். எதுவுமே அளக்கப்படாத மாதிரி, பட்டியலிலேயே மிகத் துல்லியமாக அளக்கப்பட்ட மாதிரியாக வேடம் போடுகிறது. பொய் சொல்பவன் சில வேளை மெய் சொல்பவனைவிடத் தயக்கமின்றிப் பேசுவதை ஆசிரியர்கள் கண்டதில்லையா?

வெற்றுக் கட்டத்தை நிரப்பும் கலை மரபணு ஆய்வில் தோன்றியதன்று, வயலில் தோன்றியது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தை ஒட்டி வளர்ந்த புள்ளியியல் அதன் தாய்வீடு. பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பயிரிட்ட ஆய்வு நிலத்தில் ஒரு பாத்தியின் விளைச்சல் தொலைந்துபோனால், ஏனைய பாத்திகளைக் கொண்டு அதனை மதிப்பிடும் வழியை 1930இல் ஆலனும் விஷார்ட்டும் வகுத்தனர். 1933இல் ஃபிராங்க் யேட்ஸ் அதனை விரித்தார். கிரியான் உழவர்க்கு இதன் பொருளைச் சொல்லித் தர வேண்டுவதில்லை. அறுத்து வைத்த கதிர்க்கட்டு வண்டியில் தவறிப்போனால் அண்டைப் பாத்தியைப் பார்த்து விளைச்சலைச் சொல்லிவிடலாம். கதிர் பிடிக்காமல் பதராய்ப் போனதால் அறுக்காமல் விட்ட பாத்திக்கு அண்டைப் பாத்தியின் விளைச்சலை எழுதுவது என்ன கணக்கு? இவ்வேறுபாட்டுக்கு 1976இல் டொனால்டு ரூபின் ஒரு தெளிவான இலக்கணம் தந்தார். விடுபட்ட மதிப்பு, அம்மதிப்பின் அளவோடு தொடர்பின்றி விடுபட்டதா, அன்றி அதன் அளவே காரணமாக விடுபட்டதா என்பதே அவர் எழுப்பிய அடிப்படை வினா. முன்னது காய்ச்சலில் படுத்த மாணவன். பின்னது கணக்குக்கு அஞ்சியவன்.

பி.சி.ஆர். தட்டின் வெற்றுக் குழிகள் பெரும்பாலும் இரண்டாவது இனத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்து மேத்யூ மெக்காலும் உடன் ஆய்ந்தோரும் 2014இல் இதனை எடுத்துக்காட்டினர். ஒரு மரபணுவின் ஊக்கம் குறையக் குறைய வெற்றுக் குழிகள் மிகுகின்றன. ஆகவே அவை தற்செயலாக விடுபட்டவை அல்ல. அவற்றுக்கு 40 இடுவது முடிவுகளைப் பெரிதும் சாய்த்துவிடுகிறது என்பதும் அவர்கள் கண்டது. எண் கிடைத்த குழிகளையும், எண் எவ்வளவு பெரிதானால் எவ்வளவு வாய்ப்பில் குழி வெறுமையாகிறது என்பதையும் ஒருசேரக் கணக்கில் கொண்டு, விடுபட்ட மதிப்பை மதிப்பிடும் முறை ஒன்றையும் அவர்கள் தந்தனர்.

ஏன் வெறுமையாகிறது என்பதற்கு ஓர் அழகான விளக்கமும் உண்டு. மாதிரி நீரில் துணுக்குகள் மிக அரிதாக இருக்கும்போது எல்லாக் குழிகளுக்கும் அவை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. குழிக்குச் சராசரி ஒரு துணுக்கு என்ற கணக்கில் நூறு குழிகளில் பகிர்ந்தால், ஏறத்தாழ முப்பத்தேழு குழிகளுக்கு ஒன்றுமே கிட்டாது. சில குழிகளில் இரண்டு மூன்று விழும். சராசரி மூன்றானால் வெறுங்குழி ஐந்தளவாகக் குறையும். எனவே ஒரு மாதிரியின் மூன்று குழிகளில் ஒன்று மட்டும் வெறுமையாய் நின்றால், மரபணு அடியோடு உறங்குகிறது என்று அது சொல்லவில்லை. துணுக்கு அரிது என்றே சொல்கிறது. வெறுமையும் ஒரு சான்றாகிவிடும் இடம் இது.

கைப்பிழையால் வரும் வெறுமையும் இல்லாமல் இல்லை. அதனைப் பிரித்தறிய ஒப்பீட்டு மரபணு உதவுகிறது. மரம் நலமாயினும் நோயுறினும் ஏறக்குறைய மாறாமல் பணி செய்யும் மரபணு ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டே ஏனையவற்றை அளப்பர். ஒரு மாதிரியில் ஒப்பீட்டு மரபணு வழக்கம்போல் இருபதாவது சுழற்சியை ஒட்டி எழுந்து, தேடிய மரபணு மட்டும் எழாவிட்டால், குறை மரபணுவில். இரண்டும் எழாமலோ மிகப் பிந்தியோ போனால் குறை மாதிரியில்; பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும். இரப்பர்ப் பாலிலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பது எளிதன்று, இரப்பர்த் துகள்கள் குழாயில் திரண்டு இடையூறு செய்யும். அத்தகைய மாதிரிக்கு எண் கற்பிப்பதைவிட மறுபடி ஆய்வதே நேர்மை.

அவள் வெற்றுக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் காரணம் எழுதினாள். 40 அனைத்தையும் அழித்தாள். ஆர்.என்.ஏ. சிதைந்தவற்றுக்கு ஒரு குறி; அரிதாய் இருந்ததால் எழாதவற்றுக்கு மற்றொரு குறி; பின்னவற்றுக்கு மூன்றில் எத்தனை குழிகளில் எண் கிடைத்தது என்ற குறிப்பும். பின்னர் அரிதானவற்றை ஒரே எண்ணால் நிரப்பாமல், பொருந்தக்கூடிய பல எண்களால் பலமுறை நிரப்பி, முடிவு நிலைக்கிறதா தள்ளாடுகிறதா என்று பார்த்தாள். இதுவும் ரூபின் காட்டிய வழியே. சில மரபணுக்களில் முடிவு நிலைத்தது. சிலவற்றில் முன்னர்க் கிடைத்திருந்த கவர்ச்சியான வேறுபாடு கரைந்தே போயிற்று. 2009இல் ஸ்டீபன் பஸ்டினும் பிறரும் வகுத்த நெறிமுறை, விலகி நிற்கும் மதிப்புகளை எவ்வாறு கையாண்டனர் என்பதை ஆய்வாளர் வெளிப்படச் சொல்ல வேண்டும் என்கிறது. கரைந்தவற்றையும் அவள் எழுதினாள்.

தமிழ் படித்தவர்க்கு இந்நேர்மை புதிதன்று. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்கு உரிய பாடல்கள் கிடைக்கவில்லை. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அவ்வெண்களைத் தள்ளிவிட்டு 398 பாடல்கள் என்று வரிசையைச் சுருக்கிவிடவில்லை. தாமே இரண்டு பாடல் இயற்றி நிரப்பவும் இல்லை. அவருக்கு அப்புலமை இல்லாமலா? நற்றிணையின் 234ஆம் பாடலும் அவ்வாறே இடம் மட்டும் கொண்டு நிற்கிறது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. நூலின் பெயர் மட்டும் பத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. செல்லரித்த ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்புகளை மாணவர் பார்த்திருப்பர். அப்புள்ளிகளைக் கண்டு எரிச்சலுறும் மாணவனிடம், அவை புலவன் எழுதாதவை அல்ல, செல் தின்றவை என்று சொல்லும் ஆசிரியர், அறிந்தோ அறியாமலோ ரூபினின் பாடத்தையே நடத்துகிறார்.

இவ்வளவு செய்த பின்னரே பெரிய வெறுமை ஒன்று அவள் கண்ணிற் பட்டது. அது தட்டில் இல்லை. தட்டுக்கு வராத மரங்களில் இருந்தது. அவள் மாதிரி சேகரித்தது பாலிலிருந்து. காயத் தொடங்கிய மரம் கொஞ்சமேனும் பால் தந்தது. அது அட்டவணையில் ஏறியது. முற்றும் காய்ந்த மரம் ஒரு துளியும் தரவில்லை. ஆகவே மாதிரி இல்லை. மாதிரி இல்லாததால் வரிசையே இல்லை. மரம் காய்வதை ஆராயும் அட்டவணையில் முற்றக் காய்ந்த மரங்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று. நோயாளர் நலத்தை அறிய விரும்பியவர், நடந்து வர இயன்றவரை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பியது போன்ற நிலை. எந்தக் கணிதமும் இவ்வெறுமையை நிரப்பாது.

வழி ஒன்றே இருந்தது. பாலை விட்டுப் பட்டையை நாட வேண்டும். பட்டையிலும் பால்குழல்கள் உள; அங்கிருந்தும் ஆர்.என்.ஏ. எடுக்கலாம். ஆனால் பட்டையின் எண்ணைப் பாலின் எண்ணோடு ஒப்பிட முடியாது. நலமான மரம், காயத் தொடங்கிய மரம், முற்றக் காய்ந்த மரம் அனைத்திலிருந்தும் மறுபடி தொடங்கிப் பட்டை எடுத்தாக வேண்டும். ஆய்வேடு ஒரு பருவம் பிந்தும். உதவித்தொகை அதற்குள் முடிந்துவிடும் என்னும் அச்சமும் இருந்தது. நாற்பதுகளோடு கட்டி முடித்திருந்தால் இவ்வளவும் இல்லை என்று தோழியர் சிலர் சொன்னதில் உண்மை இல்லாமற் போகவில்லை.

ஊருக்குக் கிழக்கே சிறுதோட்டக்காரர் ஒருவர் நிலத்தில் பழைய மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. அவரிடம் இசைவு பெற்று, ஒரு விடியற்காலையில் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு அவள் சென்றாள். காய்ந்த மரத்தின் முன் நின்று ஆய்வுக்கூடத்துக் கத்தியை அவள் பட்டையில் அழுத்தியபோது முதியவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ்வளவு ஆழம் போகாதே பாப்பா. காயம் விழுந்துரும். உள்தோலுக்கு ஒரு நூல் முன்னாடியே நிறுத்து."

"இது காய்ஞ்ச மரந்தானே தாத்தா?"

"காய்ஞ்சதுன்னு நீதானே சொல்ற. மரம் இன்னும் சொல்லலையே."

அவள் கத்தியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். தாத்தா குழாயைப் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேலே ஒட்டிய தாளில் மரத்தின் எண்ணையும், அதற்குக் கீழே 'பால் இல்லை' என்பதையும் அவளே எழுதினாள்.